சோர்ந்தவர்களுக்கு ஒரு நீரூற்று: இசை மேதை ஜோசப் ஹைடன்



பாட்டு இல்லாத ஆராதனை நமக்கு உண்டா? கீர்த்தனையும் பாமாலையும் சிறுவயது முதல் நம் நாவில் ஊறியவை. ஆனால் நாம் பாடும் ராகங்கள் எங்கிருந்து வந்தன, அவற்றை அமைத்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று நாம் அதிகம் விசாரிப்பதில்லை. சீயோன் நகரத்தின் மகிமையைப் பற்றி ஜான் நியூட்டன் எழுதிய ஆங்கிலப் பாடலை உங்களில் பலர் பாடியிருப்பீர்கள். பாட்டுப் புத்தகத்தில் அதன் ராகத்துக்கு ஆஸ்திரியா என்று பெயர் போட்டிருக்கும். அந்த ராகத்தை அமைத்தவர்தான் ஜோசப் ஹைடன். அவருடைய வாழ்க்கையை இந்த ஆண்டு விழா மலரில் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் அவர் வாழ்ந்த காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஐரோப்பிய இசையில் ஏறக்குறைய 1750 முதல் 1820 வரையான காலத்தை கிளாசிக்கல் காலம் என்பார்கள். அதற்கு முந்திய பாக், ஹேண்டல் காலத்து இசையில் பல குரல்கள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து ஓடும். கிளாசிக்கல் காலத்தில் தெளிவான ஒரு மெட்டு முன்னே வந்தது; மற்றவை அதைத் தாங்கி நின்றன. இசை ஒரு கேள்வி கேட்கும், அடுத்த வரி பதில் சொல்லும். நம் கீர்த்தனையில் சரணம் பாடிவிட்டுப் பல்லவிக்குத் திரும்பும்போது வீடு வந்து சேர்ந்த நிம்மதி வருகிறதல்லவா? அதுபோலவே அந்த இசையும் ஒரு மெட்டில் புறப்பட்டு, தூர இடங்களில் அலைந்து, கடைசியில் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வரும். இந்த அமைப்பை உருவாக்கி நிலைநிறுத்தியவர்களில் முதன்மையானவர் ஹைடன். மொசார்ட்டும் பீத்தோவனும் அவர் போட்ட பாதையில் நடந்தவர்கள்.

சக்கரத் தச்சரின் மகன்

ஹைடன் 1732ஆம் ஆண்டு ஆஸ்திரியாவில், ஹங்கேரி எல்லைக்கு அருகே உள்ள ரோராவ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் வண்டிச் சக்கரம் செய்யும் தச்சர். தாயார் அவ்வூர்ப் பிரபுவின் மாளிகையில் சமையல் வேலை செய்தவர். வீட்டில் பிறந்த 12 பிள்ளைகளில் ஹைடன் இரண்டாமவர். அவர்களில் பாதிப்பேர் குழந்தைப் பருவத்திலேயே இறந்துபோனார்கள். தகப்பனாருக்கு இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. ஆனால் மாலையில் வேலை முடிந்ததும் ஹார்ப் வாத்தியத்தை எடுத்து மீட்டிப் பாடுவார். வீட்டார் கூடப் பாடுவார்கள். சிறுவன் ஜோசப் இரண்டு குச்சிகளை எடுத்து, ஒன்றை இடது கையில் வயலின் போலச் சாய்த்து, மற்றதை வில்லாக வைத்து வாசிப்பதுபோல் பாவனை செய்வான்.

அதைக் கவனித்தார் ஹைன்பர்க் ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்த உறவினர் பிராங்க். பையனுக்குத் தாளம் பிடிபடுகிறது, என்னிடம் விடுங்கள் என்று கேட்டார். பிள்ளை ஒருநாள் குருவானவர் ஆகவேண்டும் என்பது தாயின் ஆசை. அந்த நம்பிக்கையில் ஆறு வயது நிரம்புமுன்பே அவனை அனுப்பிவைத்தார்கள். அதன்பின் அவன் பெற்றோருடன் குடியிருக்கவே இல்லை.

ஹைன்பர்க்கில் அவன் வயலின், கீபோர்டு, முரசு எல்லாம் கற்றான். ஆனால் வயிறு நிறையச் சாப்பாடு கிடைக்கவில்லை; அடி மட்டும் நிறையக் கிடைத்தது. உடையில் அழுக்கு ஏறி, அதைப் பார்த்து மற்றவர்கள் முன் கூசி நின்றதைக் கிழவரான பிறகும் அவர் நினைவுகூர்ந்தார். ஆனாலும் தன்னை அடித்த அந்த ஆசிரியரை அவர் வெறுக்கவில்லை. முதன்முதலில் இசை கற்றுத் தந்தவர் என்று அவருடைய படத்தைப் பாதுகாத்து வைத்திருந்தார். தம் உயிலில் பிராங்கின் மகள் குடும்பத்துக்கும் ஒரு தொகை எழுதிவைத்தார்.

பேராலயத்துப் பாடகர் குழுவில்

வியன்னா நகரின் புனித ஸ்தேவான் பேராலயத்தில் இசைத் தலைவராக இருந்த ராய்ட்டர், பாடகர் குழுவுக்குச் சிறுவர்களைத் தேடி ஹைன்பர்க் வந்தார். ஜோசப்பின் குரல் அவருக்குப் பிடித்துப்போயிற்று. எட்டு வயதில் ஜோசப் வியன்னாவுக்குப் போனான். ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் அந்தப் பெரிய ஆலயத்தில் பாடினான். அங்கேயும் பசிதான். பிரபுக்களின் வீட்டு விருந்துகளில் பாடப்போனால் சாப்பிட ஏதாவது கிடைக்கும் என்பதற்காகவே அவன் நன்றாகப் பாட முயன்றானாம்.

பாடகர் குழுவில் இருக்கும் தம்பிமாரே, உங்களுக்கு இது புரியும்: வயது வந்ததும் குரல் உடையும். ஜோசப்புக்கும் உடைந்தது. அரசி மரியா தெரேசாவே, அவன் பாடுவது சேவல் கூவுவதுபோல் இருக்கிறது என்று குறைசொன்னதாகச் சொல்வார்கள். அந்த நேரம் பார்த்து அவன் ஒரு குறும்பும் செய்தான். முன்னால் இருந்த பையனின் பின்னலைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டானாம். பிரம்படி கொடுத்து அவனை வெளியே அனுப்பிவிட்டார்கள். வயது 17. கையில் காசில்லை, போக இடமில்லை.

அந்த இக்கட்டில் அவனுக்குக் கதவைத் திறந்தவர் ஸ்பாங்லர் என்ற ஓர் ஏழைப் பாடகர். அவருக்கு மனைவியும் கைக்குழந்தையும் உண்டு. இருப்பதோ மச்சில் ஒரு சின்ன இடம். அதில் ஒரு மூலையை இந்தப் பையனுக்குக் கொடுத்தார். அன்று அவர் அதைக் கொடுக்காமல் இருந்திருந்தால் உலகம் ஹைடனை இழந்திருக்கக்கூடும். பிற்காலத்தில் ஹைடன் அரண்மனை இசைத் தலைவரானபோது, ஸ்பாங்லரின் மகளுக்கு அங்கே பாடகியாக வேலை கிடைக்கச் செய்தார். வந்த புதிதில் நம்மில் எத்தனை பேருக்கு இப்படி ஒருவர் ஒரு மூலையைக் கொடுத்திருப்பார்! அவரை நாம் மறக்கக்கூடாது.

அடுத்த சில ஆண்டுகள் ஹைடன் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தும், ஆலயங்களில் பாடியும், இரவில் தெருக்களில் வாசித்தும் பிழைத்தார். போர்போரா என்ற இத்தாலிய இசை ஆசிரியருக்கு வேலைக்காரன்போல் பணிவிடை செய்து, அதற்குக் கூலியாக இசை அமைக்கும் முறையைக் கற்றுக்கொண்டார். வாடகை அறையில் உளுத்துப்போன ஒரு பழைய கீபோர்டு இருந்தது. அதன்முன் உட்கார்ந்துவிட்டால் எந்த அரசன்மீதும் தமக்குப் பொறாமை இல்லை என்று அவர் பின்னாளில் சொன்னார்.

சீருடை அணிந்த இசைத் தலைவர்

1761ஆம் ஆண்டு எஸ்டெர்ஹாசி என்ற செல்வமிக்க இளவரசர் குடும்பத்தில் ஹைடனுக்கு வேலை கிடைத்தது. ஏறக்குறைய 30 ஆண்டுகள் அங்கே இருந்தார். வேலை ஒப்பந்தத்தைப் பார்த்தால் நமக்கு ஆச்சரியமாக இருக்கும். மற்றப் பணியாட்களைப்போல் சீருடையும் வெள்ளைக் காலுறையும் அணியவேண்டும். தினமும் இரண்டு தடவை இளவரசரின் அறைக்கு வெளியே நின்று, இன்று இசை வேண்டுமா என்று கேட்டறிய வேண்டும். அவர் அமைக்கும் இசை இளவரசருக்கு மட்டுமே சொந்தம். வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது. இந்த நிபந்தனை 1779இல்தான் நீங்கியது.

இளவரசர் நிக்கோலஸ் ஹங்கேரியின் சதுப்பு நிலத்தில் எஸ்டெர்ஹாசா என்ற மாபெரும் அரண்மனையைக் கட்டினார். வியன்னாவிலிருந்து அது வெகுதூரம். ஹைடன் அங்கே தனிமையில் இருந்தார். ஆனால் தூரத்தில் இருந்ததால், இப்படி எழுது, அப்படி எழுது என்று சொல்லிக் குழப்ப யாரும் இல்லை. கையில் ஒரு நல்ல வாத்தியக் குழுவும் இருந்தது. புதிது புதிதாக முயன்று பார்த்தார். தமக்கென்று ஒரு தனி வழி உண்டானது அந்தத் தனிமையினால்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அங்கே அவர் வளர்த்த இரண்டு வடிவங்களைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று சிம்பொனி. வாத்தியக் குழு முழுவதும் சேர்ந்து வாசிப்பது. பெரும்பாலும் நான்கு பகுதிகள் இருக்கும். முதலாவது விறுவிறுப்பானது, இரண்டாவது நிதானமானது, மூன்றாவது நடனம்போல் ஆடிவருவது, நான்காவது துள்ளி ஓடி முடிவது. ஹைடன் எழுதியவற்றில் எண் இடப்பட்ட சிம்பொனிகள் மட்டும் 104. மற்றது ஸ்டிரிங் குவார்டெட் என்னும் நால்வர் இசை. இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. நான்கு நண்பர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் பேச மற்றவர் கேட்டு, இடையிடையே சிரித்து உரையாடுவதுபோல் இருக்கும்.

1772இல் நடந்த ஒரு சம்பவம் புகழ்பெற்றது. அந்த ஆண்டு இளவரசர் எஸ்டெர்ஹாசாவை விட்டுக் கிளம்பவே இல்லை. வாத்தியக்காரர்களில் பலருடைய மனைவி மக்கள் ஐசன்ஸ்டாட் நகரில் இருந்தார்கள். வீடு போகமுடியாமல் எல்லாரும் ஏங்கி, ஹைடனிடம் வந்து முறையிட்டார்கள். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வெளிநாட்டில் வேலை செய்தவர்களுக்கு அந்த ஏக்கம் தெரியும். ஹைடன் மனு எழுதவில்லை. ஒரு சிம்பொனி எழுதினார். அதன் கடைசியில் வாத்தியக்காரர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பங்கை முடித்து, மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு எழுந்துபோனார்கள். முடிவில் இரண்டு வயலின்கள் மட்டும் மெல்ல ஒலித்து ஓய்ந்தன. இளவரசருக்கு விஷயம் விளங்கியது. தாமதமின்றி எல்லாரும் வீடு திரும்ப உத்தரவானது. பிரியாவிடை சிம்பொனி என்று அதை இன்றும் அழைக்கிறார்கள்.

ஹைடனின் இல்லற வாழ்வு இன்பமாக அமையவில்லை, பிள்ளைகளும் இல்லை. தம் கீழ் இருந்த வாத்தியக்காரர்களுக்காகத்தான் அவர் தகப்பனைப்போல் பரிந்து பேசினார். அவர்களும் பாப்பா ஹைடன் என்று அன்போடு அழைத்தார்கள்.

பொறாமை இல்லாத மனம்

யாருக்குத் தனிப்பாட்டு என்பதில் மனத்தாங்கல் வராத பாடகர் குழு உண்டா? ஹைடனைப் பாருங்கள். மொசார்ட் அவரைவிட 24 வயது இளையவர். அவருடைய திறமையைக் கண்ட ஹைடன், தமக்குத் தெரிந்த இசையமைப்பாளர் எல்லாரிலும் உங்கள் மகனே பெரியவர் என்று மொசார்ட்டின் தகப்பனாரிடமே மனந்திறந்து சொன்னார். பிராகா நகரத்தார் தம்மிடம் ஓர் இசைநாடகம் கேட்டபோது, மொசார்ட் இருக்கும்போது என்னிடம் கேட்பதா என்ற கருத்தில் பதில் எழுதினார். மொசார்ட்டும் ஆறு நால்வர் இசைகளை இயற்றி, 1785இல் அவருக்கே காணிக்கையாக்கினார். 1791இல் மொசார்ட் 35 வயதில் இறந்த செய்தி ஹைடனை லண்டனில் எட்டியது. மனம் உடைந்துபோன அவர், மொசார்ட்டின் மகனுக்குக் காலம் வரும்போது இலவசமாகக் கற்றுத்தர முன்வந்தார்.

பெரிய வெள்ளிக்காக எழுதிய இசை

ஸ்பெயின் நாட்டின் காடிஸ் நகரிலிருந்து 1780களின் நடுவில் ஹைடனுக்கு ஒரு வேண்டுகோள் வந்தது. பெரிய வெள்ளியன்று மூன்று மணிநேரம் உட்கார்ந்து சிலுவையின் ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் நமக்கு இது நெருக்கமான செய்தி. அங்கே ஆலயத்தின் சுவர், ஜன்னல், தூண் எல்லாவற்றையும் கறுப்புத் துணியால் மூடுவார்கள். நடுவில் ஒரே ஒரு விளக்கு தொங்கும். நண்பகலில் கதவுகளை அடைப்பார்கள். ஆயர் பிரசங்க பீடத்தில் ஏறி ஒரு வார்த்தையைச் சொல்லி, விளக்கி, இறங்கிவந்து பலிபீடத்தின்முன் முழங்கால்படியிடுவார். அந்த இடைவெளியில் இசை ஒலிக்கவேண்டும். இப்படி ஏழு முறை.

ஒவ்வொன்றும் ஏறக்குறைய பத்து நிமிடம் ஓடும் ஏழு நிதானமான இசைகளை, கேட்போர் சலிப்படையாதபடி ஒன்றன்பின் ஒன்றாக எழுதுவது எளிதாக இருக்கவில்லை என்று ஹைடன் ஒப்புக்கொண்டார். கடைசியில் மத்தேயு சுவிசேஷம் சொல்லும் பூமியதிர்ச்சிக்கும் ஓர் இசை சேர்த்தார். அவ்வளவு நேரம் மெதுவாக வந்த இசை திடீரென்று நிலம் புரள்வதுபோல் அதிரும்.

லண்டன் பயணம்

1790இல் இளவரசர் நிக்கோலஸ் இறந்தார். புதிய இளவரசர் வாத்தியக் குழுவைக் கலைத்துவிட்டார். ஹைடனுக்கு வயது 58. அந்த வயதில் சாலமன் என்ற இசை ஏற்பாட்டாளர் அவரை லண்டனுக்கு அழைத்தார். ஆங்கிலமும் தெரியாமல் எப்படிப் போவீர்கள் என்று மொசார்ட் கவலைப்பட்டார். என் மொழி உலகம் முழுவதும் விளங்கும் என்று ஹைடன் அமைதியாகப் பதில் சொன்னாராம். 1791ஆம் ஆண்டு புத்தாண்டு நாளில் கடல் கடந்து இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். இரண்டு பயணங்களில் 12 சிம்பொனிகள் அங்கே அரங்கேறின. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது.

லண்டனில் அவர் உள்ளத்தைத் தொட்டவை இரண்டு. வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் பெரும் கூட்டமாகப் பாடகர்கள் ஹேண்டலின் மேசியாவைப் பாடக்கேட்டு, அல்லேலூயா வந்த இடத்தில் கண்ணீர் விட்டார். மற்றது, புனித பவுல் பேராலயத்தில் தருமப் பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 4000 ஏழைப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு எளிய கீதம் பாடியது. தம் வாழ்நாளில் எந்த இசையும் தம்மை அவ்வளவு அசைத்ததில்லை என்று குறித்துவைத்தார். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளே, இதை நினைவில் வையுங்கள்!

இரண்டாம் பயணம் முடிந்து 1795இல் நாடு திரும்பியவர், தாம் பிறந்த ரோராவ் வீட்டுக்குப் போனார். அங்கே மண்டியிட்டு வாசற்படியை முத்தமிட்டார். அடுப்பு மூலையைக் காட்டி, என் இசை வாழ்வு இங்கேதான் தொடங்கியது என்று கூட வந்தவர்களுக்குச் சொன்னார்.

இங்கிலாந்து மக்கள் அரசனுக்காகப் பாடும் கீதத்தைக் கேட்டிருந்த அவர், தம் நாட்டுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று எண்ணினார். 1797இல் பேரரசர் பிரான்சிஸ் பிறந்தநாளுக்காக அவர் அமைத்த மெட்டுதான் நாம் தொடக்கத்தில் பார்த்த ஆஸ்திரியா ராகம். ஜெர்மனியின் தேசிய கீதத்தின் மெட்டும் இன்று அதுவே.

சிருஷ்டிப்பு

ஹேண்டலின் இசையைக் கேட்ட அனல் உள்ளே இருந்தது. 60 வயதைத் தாண்டிய ஹைடன், சிருஷ்டிப்பு என்ற ஓரட்டோரியோவை 1796 முதல் 1798 வரை எழுதினார். ஓரட்டோரியோ என்பது வேடமும் நடிப்பும் இல்லாமல் வேதாகமக் கதையைத் தனிக்குரல்களும் பாடகர் குழுவும் வாத்தியங்களும் சேர்ந்து பாடுவது. ஆதியாகமம், சங்கீதங்கள், மில்டனின் காவியம் ஆகியவற்றிலிருந்து இதன் சொற்கள் எடுக்கப்பட்டன.

ஹைடன் கத்தோலிக்க விசுவாசி. எழுதத் தொடங்கும்போது கர்த்தரின் நாமத்தினாலே என்ற பொருளிலும், முடிக்கும்போது தேவனுக்கே துதி என்ற பொருளிலும் லத்தீனில் எழுதுவது அவர் வழக்கம். மெட்டு வராமல் தடைப்பட்டால் ஜெபமாலையைக் கையில் எடுத்து, அறையில் நடந்தபடி ஜெபிப்பார். சிருஷ்டிப்பை எழுதிய நாட்களில், இதை முடிக்கப் பெலன் தாரும் என்று தினமும் முழங்காலில் நின்றார்.

அந்த இசை ஒழுங்கின்மையில் தொடங்குகிறது. எங்கே போகிறது என்று தெரியாமல் இருளில் தடவித் தடவி நகர்கிறது. பாடகர் குழு முணுமுணுப்பதுபோல் மெல்லப் பாடுகிறது. ஒளி உண்டாகும்படி தேவன் கட்டளையிட்ட இடம் வருகிறது. ஒளி என்ற சொல்லில் எல்லாக் குரல்களும் எல்லா வாத்தியங்களும் ஒரே நேரத்தில் முழுப் பலத்தோடு வெடிக்கின்றன. வியன்னாவில் முதல்முறை கேட்டவர்கள் சிலிர்த்துப்போய்ச் சிறிது நேரம் இசையைத் தொடரவிடவில்லை.

உங்கள் ஆலய இசை அளவுக்கு மீறி மகிழ்ச்சியாக இருக்கிறதே என்று ஹைடனைச் சிலர் குறைசொன்னதுண்டு. கடவுளை நினைத்தால் என் இருதயம் துள்ளுகிறது, நான் என்ன செய்வேன் என்ற கருத்தில் அவர் பதில் சொன்னார். பசி, அடி, தனிமை, அன்பில்லாத வீடு எல்லாவற்றையும் கண்டவர் அவர். துன்பம் அறியாதவரின் சிரிப்பு அல்ல இது.

1802இல் பால்டிக் கடலோரத்தில் ருயூகன் தீவின் சிற்றூர் ஒன்றிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. இசையைத் தொழிலாகக் கொள்ளாத சிலர் சேர்ந்து சிருஷ்டிப்பைப் பாடி, மகிழ்ந்து, நன்றி எழுதியிருந்தார்கள். உடல் தளர்ந்திருந்த ஹைடன் அவர்களுக்குப் பதில் எழுதினார். வேலை கடினமாகி மனம் சோர்ந்த வேளைகளில், இந்த உலகில் மகிழ்ச்சியானவர்கள் மிகக் குறைவு, கவலையுற்றவன் சற்று இளைப்பாற உன் இசை ஒருநாள் ஊற்றாகலாம் என்று உள்ளே ஒரு குரல் சொல்லும். அதுவே தம்மை மேலே நடத்தியது என்று அதில் தெரிவித்தார். அவருடைய வாழ்க்கையை விளங்கிக்கொள்ள இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

கடைசி நாட்கள்

1808ஆம் ஆண்டு மார்ச் 27 அன்று, 76ஆவது பிறந்தநாளுக்கு நான்கு நாள் முன்பு, வியன்னாப் பல்கலைக்கழக மண்டபத்தில் சிருஷ்டிப்பு பாடப்பட்டது. நடக்க முடியாத ஹைடனை நாற்காலியோடு தூக்கிவந்தார்கள். ஒளி வந்த இடத்தில் சபை ஆரவாரித்தது. அவர் நடுங்கும் கைகளை வானத்தை நோக்கி உயர்த்தி, அது அங்கிருந்து வந்தது என்று காட்டினார். பாதியிலேயே களைத்துப்போன அவரைத் தூக்கிச் செல்லும்போது, ஒருகாலத்தில் அவரிடம் படித்த பீத்தோவன் குனிந்து அவர் கையை முத்தமிட்டார்.

அடுத்த ஆண்டு நெப்போலியனின் படை வியன்னாவைக் குண்டுகளால் தாக்கியது. ஒரு குண்டு ஹைடனின் வீட்டருகே விழுந்தது. நடுங்கிய வேலைக்காரர்களைப் பார்த்து, நான் இருக்கும் இடத்தில் உங்களுக்கு ஒன்றும் நேராது, பயப்படாதீர்கள் என்று தேற்றினார். அப்போது அவர் உடலும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. பிறகு எதிரிப்படையின் பிரெஞ்சு அதிகாரி ஒருவர் அவரைப் பார்க்க வந்து, சிருஷ்டிப்பிலிருந்து ஒரு பாடலைப் பாடினார். ஹைடன் கண்ணீரோடு அவரைத் தழுவிக்கொண்டார். 1809 மே 31 அன்று அமைதியாகக் கண்மூடினார்.

வீட்டில் ஒன்றாகக் கேட்டுப் பாருங்கள்

பிள்ளைகளே, முதலில் 94ஆவது சிம்பொனியின் இரண்டாம் பகுதியைக் கேளுங்கள். மெதுவாகப் போகும், தூங்கிவிடாதீர்கள், ஹைடன் உங்களுக்காக ஒரு வேடிக்கை வைத்திருக்கிறார். பிறகு பிரியாவிடை சிம்பொனியின் முடிவு. எத்தனை வாத்தியங்கள் எழுந்துபோகின்றன என்று எண்ணுங்கள். பெரியவர்களே, 19ஆம் சங்கீதத்தைத் தழுவி சிருஷ்டிப்பின் முதற்பாகத்தை முடிக்கும் கோரஸைக் கேளுங்கள். தவசு காலத்தில் ஏழு வார்த்தைகளில் ஒன்றைக் கேட்டுச் சிறிது நேரம் மௌனமாயிருங்கள்.

நம் பாடகர் குழுவில் பாடுகிறவர்கள் பலரும் முழுநாள் வேலை முடித்து, களைப்போடு பயிற்சிக்கு வருகிறவர்கள். ஆலயத்தின் பின்வரிசையில் அந்த வாரத்தின் பாரத்தோடு உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அவர்களுடைய பாட்டு இளைப்பாறுதலாகலாம். ருயூகன் தீவில் பாடியவர்களும் நம்மைப் போன்றவர்களே. அவர்களுடைய நன்றிக் கடிதம் தம் முதுமைக்கு எவ்வளவு ஆறுதல் என்று அந்த மேதை எழுதினார். ஆகவே அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், பாடியவர்களிடம் ஒரு நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.